ஒல்லி உடம்பில் ஒளிந்திருக்கும் கொழுப்பு

சென்ற ஆண்டு நமது சங்கத்தின் பொங்கல் விழாவில் நாம் மேடையேறி உடல் நலத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசியது அன்பர்களுக்கு நினைவிருக்கலாம். அப்போது முன் வரிசையில் குடும்பத்துடன் அமர்ந்திருந்த நண்பர் ஒருவரைச் சுட்டிக்காட்டி, "ஐம்பத்திரண்டு வயதிலும் 58 கிலோவைத் தாண்டாதவர், சர்க்கரை வியாதி இவர் வீட்டு வாசலை மிதிக்க அஞ்சும்" என்றோம். அவையோர் கை தட்டினர். நண்பர் நாணித் தலை குனிந்தார். இன்று தலை குனிய வேண்டியவர்கள் நாம்.

விழா முடிந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். செய்தித்தாளின் எழுத்து மங்கலாகத் தெரிகிறது, கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று அவர் கண் வைத்தியரிடம் சென்றார். விழித்திரையைச் சோதித்த வைத்தியர், அங்கே ஊசிமுனை போன்ற ரத்தக் கசிவுகளைக் கண்டு, அன்றே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவைத்தார். நூற்றுக்குள் இருக்க வேண்டிய வெறும் வயிற்றுச் சர்க்கரை 212 இருந்தது. "இது நேற்று வந்ததன்று, சில ஆண்டுகளாகவே இருந்திருக்க வேண்டும்" என்றாராம் வைத்தியர்.

செய்தி கேட்டு நாம் அவர் இல்லத்திற்குச் சென்றோம். நண்பரின் மனைவியார் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "குண்டாக இருக்கிறவர்களுக்குத்தானே அண்ணா இந்த வியாதி வரும்? நீங்கள்தானே நம் பத்திரிகையில் எழுதினீர்கள்? அதைப் படித்துவிட்டுத்தான் இவர் ஒரு நாளும் பரிசோதனைக்குப் போகவில்லை" என்றார். குற்றம் சாட்டும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. ஆயினும் அந்தக் காப்பி நமக்குத் தொண்டையில் இறங்கவில்லை. ஆம், எழுதியிருந்தோம். இதே பக்கத்தில்தான் எழுதியிருந்தோம். ஆகையால் இம்மாதம் இந்தப் பக்கத்தை அந்தப் பிசகைத் திருத்துவதற்கே ஒதுக்குகிறோம்.

விநோதம் என்னவென்றால், நாம் அறியாமற் போன அந்த உண்மை வேறெங்கோ கண்டுபிடிக்கப்பட்டதன்று. நம் பெரியவர்கள் பலர் 'பூனா'வுக்கு வந்த புதிதில் குடக்கூலிக்கு வீடு பிடித்த ராஸ்தா பேட்டையிலேயே, சர்தார் முதலியார் சாலையில், கே.இ.எம். மருத்துவமனை இருக்கிறதல்லவா? 1912-இல் ஒரு சிறு பிரசவ விடுதியாகத் தொடங்கி, பின்னர் டாக்டர் பானு கோயாஜி அம்மையாரின் உழைப்பால் வளர்ந்தது அது. நம் சங்கத்துக் குழந்தைகள் சிலர்கூட அங்கே பிறந்தவர்களே. அங்குள்ள நீரிழிவுப் பிரிவில் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் என்பவர் 1980-களில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியபோது, ஒரு விஷயம் அவரை உறுத்தியது. மேல்நாட்டுப் பாடப் புத்தகங்களின்படி இந்த வகை நீரிழிவு, வயது முதிர்ந்து உடல் பருத்தவர்களுக்கு வரும் நோய். அவர்முன் வந்து நின்றவர்களோ அத்தனை வயதாகாதவர்கள், பலர் ஒல்லியானவர்கள். புத்தகம் தவறா, நோயாளி தவறா?

அவர் நோயாளியை நம்பினார். 1993-இல் புனேயைச் சுற்றியுள்ள ஆறு கிராமங்களில், கருவுறும் பெண்களைத் தொடக்கம் முதலே கவனித்துப் பதிவு செய்யும் பெரிய ஆராய்ச்சி ஒன்று, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகர ஆராய்ச்சியாளர்களின் துணையுடன் தொடங்கியது. அந்தத் தாய்மார்கள் வயலில் உழைக்கும் பெண்கள். சராசரி எடை 42 கிலோ அளவே. அவர்களுக்குப் பிறந்த 600-க்கு மேற்பட்ட குழந்தைகளை, பிறந்தவுடனே அங்குலம் அங்குலமாக அளந்தார்கள். சவுத்தாம்ப்டன் குழந்தை சராசரியாக 3.5 கிலோ, நம் பக்கத்துக் குழந்தை 2.7 கிலோ. கை, வயிறு, தலை என எல்லாமே சிறிது. ஆனால் தோள்பட்டை எலும்பின் கீழே தோலைச் சற்றே கிள்ளி, மடிப்பின் கனத்தை இடுக்கிக் கருவியால் அளந்தபோது, அங்கே இருந்த கொழுப்பு மட்டும் வெள்ளைக் குழந்தையினுடையதைவிட அதிகம் குறையவில்லை. அதாவது, கருவில் ஆகாரம் போதாமற்போனபோது அந்தச் சிசு தன் தசையையும் உள்ளுறுப்புகளையும் சுருக்கிக்கொண்டு, கொழுப்பை மட்டும் விடாமல் காப்பாற்றி வைத்திருக்கிறது. பஞ்சத்திற்கு நெல்லைப் பதுக்கும் குடியானவனைப்போல என்று சொல்லலாம். 2003-இல் வெளியான இந்த முடிவுக்கு ஆராய்ச்சியாளர்கள் வைத்த பெயர் 'மெலிந்த-கொழுத்த இந்தியக் குழந்தை'.

அந்தத் தாய்மார்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு பி-12 என்னும் உயிர்ச்சத்து குறைவாக இருந்ததையும் அவர்கள் கண்டனர். பால், முட்டை, இறைச்சி, மீன் ஆகியவற்றில் மட்டுமே கிடைப்பது அது. மரக்கறி உண்பவர்கள் மிகுந்த நம் சங்கத்தில் இதைப் பற்றித் தனியே ஒரு முறை எழுத வேண்டியிருக்கிறது.

அடுத்த ஆண்டு டாக்டர் யாக்னிக் ஒரு வேடிக்கை செய்தார். லண்டன் பேராசிரியர் ஜான் யட்கின் என்பவரும் அவரும் சேர்ந்து நிற்கும் புகைப்படத்தை, 2004-இல் 'லான்செட்' என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டனர். எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் அளந்து, உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி, எடையை அதனால் வகுத்தால் வருகிற எண்ணைத்தான் உடல் நிறைக் குறியீடு என்கிறார்கள். இருவருக்கும் அந்த எண் 22.3; ஓர் இம்மியும் வித்தியாசமில்லை. ஆனால் கருவியால் அளந்தபோது லண்டன்காரரின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், புனேக்காரர் உடம்பில் 21.2 சதவீதம். தராசு இருவரையும் ஒன்று என்றது. உள்ளே ஒருவர் தசை, மற்றொருவர் நெய். தம் உடம்பையே சாட்சியாக நிறுத்திய அந்த வைத்தியரின் துணிவை நாம் மெச்சுகிறோம். நமக்கு மேடையில் பிறர் உடம்பைக் காட்டத்தான் தெரிந்தது.

கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதே பெரிது. தோலுக்கு அடியில், தொடையிலும் இடுப்பிலும் படியும் கொழுப்பு பெரும்பாலும் சாது. குடலைச் சுற்றியும் ஈரலுக்குள்ளேயும் தங்குகிற கொழுப்பே வம்பு செய்வது. அது ஈரலைத் தொல்லைப்படுத்தி, இன்சுலின் சொல்லும் சொல்லை உடம்பு கேளாதபடி செய்கிறது. உண்ட உணவின் சர்க்கரையை வாங்கி வைத்துக்கொள்ளும் பெரிய களஞ்சியம் தசை. நமக்கோ அந்தக் களஞ்சியம் பிறவியிலேயே சிறிது. நாற்காலியில் அமர்ந்து அது மேலும் சிறுத்துப் போகிறது. கிர்க்கித் தொழிற்சாலையில் நின்று வேலை செய்த தலைமுறை வேறு. ஹிஞ்சவாடியில் பத்து மணி நேரம் திரையைப் பார்த்து அமர்ந்திருக்கும் தலைமுறை வேறு. எடை ஒன்றாகவே இருக்கலாம்.

இதனால்தான் 2004-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்கள் அந்தக் குறியீட்டில் 23-ஐத் தொடும்போதே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றது. மேல்நாட்டாருக்கு அது 25. நம் நாட்டு வைத்தியர்கள் 2009-இல் கூடி, இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேற்படலாகாது என்று வகுத்தனர். 2023-இல் வெளியான அகில இந்திய நீரிழிவு ஆய்வில் குறியீட்டுக் கணக்குப்படி பருமனானவர்கள் 28.6 சதவீதம், வயிறு பருத்தவர்கள் 39.5 சதவீதம். நம் நண்பரைப் போன்றவர்கள் பலர் இந்த இரு எண்களுக்கும் இடையே இருக்கிறார்கள். ஐந்தடி ஐந்தங்குல உயரத்திற்கு 58 கிலோ என்றால் குறியீடு 21 சொச்சம்; குறை சொல்ல முடியாத எண். ஆனால் வைத்தியர் டேப்பைச் சுற்றியபோது வயிறு 94 சென்டிமீட்டர் காட்டிற்று. தளர்ந்த சட்டைக்குள் சிறு கலயம் ஒன்றைக் கவிழ்த்தாற்போல இருந்ததை நாம் யாரும் கவனிக்கவில்லை. அவரும் அதை 'வாயு' என்றே எண்ணி வந்திருக்கிறார்.

இதை நாலைந்து நண்பர்களிடம் சொன்னோமோ இல்லையோ, கொழுப்பைக் கரைக்கும் வழிகள் நாலா பக்கத்திலிருந்தும் வந்து குவிந்தன. அவற்றுள் பாதி நாமே நம்பி வந்தவை.

முதலாவது, வயிற்றுக் கொழுப்புக்கு வயிற்றுப் பயிற்சி. மல்லாந்து படுத்து எழுந்து ஐம்பது, நூறு என்று எண்ணுகிறார்கள். இதனால் வயிற்றுத் தசை உறுதிப்படும் என்பது மெய். ஆனால் அந்தத் தசை தனக்கு மேலே இருக்கும் கொழுப்பைத்தான் எடுத்து எரிக்கும் என்று எண்ணுவது, நம் வீட்டுக் குழாயைத் திறந்தால் கடக்வாஸ்லா அணையில் நம் வீட்டுக்கு நேராக உள்ள தண்ணீர் மட்டும் குறையும் என்று எண்ணுவதைப் போன்றது. எரிபொருள் ரத்தத்தின் வழியாக உடம்பெங்கிலுமிருந்து வருகிறது. 1971-இல் அமெரிக்காவில் டென்னிஸ் விளையாட்டு வீரர்களின் இரு கைகளையும் அளந்து பார்த்தார்கள். ஆண்டுக்கணக்கில் மட்டை பிடித்த கை பருத்து வலுத்திருந்தது. தோலுக்கடியிலிருந்த கொழுப்போ இரு கையிலும் ஒரே கனம்.

அடுத்தது வியர்வை. காற்றுப் புகாத ரப்பர் சட்டை அணிந்து ஓடுகிறவரும், இடுப்பில் நடுங்கும் பட்டை கட்டிக்கொண்டு தொலைக்காட்சி பார்க்கிறவரும் நம்மிடையே உண்டு. வியர்வையில் போவது தண்ணீரும் உப்பும். ஒரு சொம்பு நீர் அருந்தினால் போன எடை திரும்பி வந்துவிடும். அப்படியானால் கரைந்த கொழுப்பு எங்கேதான் போகிறது? பத்து வைத்தியரைக் கேட்டால் ஒன்பது பேர் 'வெப்பமாகப் போகிறது' என்பார்கள். 2014-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் கணக்கிட்டுக் காட்டினர்: பத்துக் கிலோ கொழுப்பு எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாகி மூச்சில் வெளியேறுகிறது, மிச்சம் 1.6 கிலோ நீராகிறது. மூச்சு வாங்க நடப்பதில் பொருள் இருக்கிறது. வெந்நீர் அறையில் வியர்த்துக் கிடப்பதில் இல்லை. வெறுமே வேகமாக மூச்சு விட்டால் போதுமே என்று நம் சங்கச் செயலாளர் கேட்டார். போதாது, எரிந்தால்தானே புகை?

பட்டினியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இதில் பக்தியும் கலந்திருக்கிறது. ஏகாதசி, சங்கட சதுர்த்தி, வியாழக்கிழமை என்று மராட்டிய அண்டை வீட்டாரிடமிருந்து நம் சகோதரிகளும் பல உபவாசங்களைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். விரதத்தின் பலனைப் பற்றி நாம் பேசவில்லை. அது அவரவர் நம்பிக்கை. ஆனால் 'உபவாசம் இருந்தும் இடுப்பு குறையவில்லையே' என்று நமக்கு எழுதிய சகோதரி, அன்று என்ன சாப்பிட்டார் என்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தார்: சாபுதானா கிச்சடி இரண்டு தட்டு, சாபுதானா வடை மூன்று, உருளைக்கிழங்கு வறுவல், வேர்க்கடலை உருண்டை. "ஏகாதசி, துப்பட் காஷி" என்று மராட்டியரே தங்களைக் கேலி செய்துகொள்வார்கள். ஏகாதசி வந்தால் இரு மடங்கு சாப்பாடு என்பது பொருள். அந்தச் சாபுதானா வேறொன்றுமில்லை, நம் சேலத்து ஜவ்வரிசியே. மரவள்ளிக் கிழங்கின் மாவை உருட்டிச் செய்வது. சேலத்திலிருந்து மூட்டை மூட்டையாக மகாராஷ்டிரத்துக்கு ரயிலும் லாரியும் ஏறி வருகிறது. நாம் ஊரை விட்டு வந்த வழியே அதுவும் வந்திருக்கிறது! நூறு கிராம் ஜவ்வரிசியில் ஏறத்தாழ 350 கலோரி. புரதம் ஒரு கிராம்கூட இல்லை. அதனுடன் கடலையும் நெய்யும் சேர்ந்தால், அது விரதத்துக்கு உகந்ததாயிருக்கலாம், இளைப்பதற்கு உகந்ததன்று.

உண்மையாகவே ஒன்றும் உண்ணாமல் கிடப்பவர்களுக்கு வேறொரு மயக்கம் நேர்கிறது. முதல் வாரத்தில் இரண்டு, மூன்று கிலோ மளமளவென்று இறங்கிவிடும். தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்த மாச்சத்து செலவாகும்போது, ஒவ்வொரு கிராமோடும் பிணைந்திருந்த மூன்று கிராம் தண்ணீரும் வெளியேறுவதால் வரும் இறக்கம் அது. பிறகு கொழுப்பு கரையத்தான் செய்கிறது. ஆனால் கூடவே தசையும் கரைகிறது. விரதம் முடிந்து பழையபடி உண்ணும்போது முதலில் திரும்பி வருவது கொழுப்பு. தசை அவ்வளவு சுலபமாகத் திரும்புவதில்லை. பிறவியிலேயே தசை குறைந்த நமக்கு இது இரட்டை நஷ்டம். கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கையில் பழச்சாறு மட்டும் அருந்தி, நிச்சயதார்த்தப் புடவைக்கேற்ப இளைக்க முற்பட்ட பெண் ஒருத்தி, மாலை மாற்றும் வேளையில் மயங்கி விழுந்ததை நாம் கண்ணால் கண்டோம். பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: மாப்பிள்ளை வீட்டார் ஏதேனும் சொன்னால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள், பெண்ணின் வயிறு அன்று. நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறவர்கள் வைத்தியரைக் கேளாமல் ஒரு வேளைகூடப் பட்டினி இருத்தலாகாது. சர்க்கரை திடீரென்று தாழ்ந்தால் உயிருக்கே ஆபத்து.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்னும் பழமொழியைக் காட்டி, வாரம் நான்கு நாள் கொள்ளு ரசம் வைக்கும் இல்லங்கள் நமக்குத் தெரியும். வையுங்கள், நல்ல பண்டந்தான். நூற்றுக்கு 22 பங்கு புரதம் உள்ளது. கொங்கணத்தார் 'குளித்' என்று மாவாக்கிப் பிட்லை செய்து உண்பார்கள். பசியையும் தாங்கும். ஆனால் கொள்ளு ஈரலுக்குள் போய்க் கொழுப்பைச் சுரண்டி எடுப்பதில்லை. மூன்று முறை சோறு போட்டுக்கொண்டு அதன்மேல் கொள்ளு ரசத்தை ஊற்றினால், ரசம் என்ன செய்யும்? வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கலந்து வெறும் வயிற்றில் அருந்துவதும் இப்படித்தான். வெந்நீரால் கெடுதலில்லை, எலுமிச்சையாலும் இல்லை. ஒரு பெரிய கரண்டித் தேனில் 60 கலோரி இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்க.

புனேக்கு வந்தபின் நம்மவரிடையே முளைத்த நம்பிக்கை ஒன்றுண்டு: சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் இளைத்துவிடலாம் என்பது. ஊரிலிருந்து வரும் உறவினரிடம், "நாங்கள் ராத்திரியில் சாதம் தொடுவதே இல்லை" என்று பெருமையாகச் சொல்கிறோம். அரிசியும் கோதுமை மாவும் நூறு கிராமுக்கு ஏறக்குறைய ஒரே கலோரிதான். 340, 350 என்ற அளவில் நிற்கும். கோதுமையில் நாரும் புரதமும் சற்று அதிகம். சப்பாத்தியின் உண்மையான சிறப்பு, அதை எண்ண முடியும் என்பது. இரண்டு, மூன்று என்று எண்ணி நிறுத்தலாம். சோற்றுக் குவியலுக்கு எண்ணிக்கை கிடையாது. சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று நம் இலையில் சம்பிரதாயமாகவே அது மூன்று தடவை வருகிறது. மோர்ச் சோற்றைப் பாதியாக்கி, பருப்பையும் காயையும் இரட்டிப்பாக்கினால், சப்பாத்திக்குப் போகாமலேயே காரியம் ஆகும். அதை விட்டுவிட்டு ஆறு சப்பாத்தியை நெய் தடவி உண்கிறவர், கோதுமையின் மேல் வீண் பழி போடுகிறார். நெய்யைக் கண்டு நடுங்கிச் சர்க்கரைப் பண்டங்களைக் கண்டு நடுங்காதவர்களுக்கும் ஒரு சொல்: மிஞ்சிய மாச்சத்தையும் சர்க்கரையையும் கொழுப்பாக மாற்றும் தொழிற்சாலை நம் ஈரலுக்குள்ளேயே இருக்கிறது. எண்ணெயும் சாமானியமன்று, ஒரு மேசைக்கரண்டியில் 120 கலோரி. நிலக்கடலையெண்ணெயானாலும் ஆலிவ் எண்ணெயானாலும் கணக்கு அதேதான்.

இனி நடையைப் பற்றி. இங்கேதான் பலர் மனமுடைந்து போகிறார்கள். ஒரு மணி நேரம் நடந்தால் செலவாவது சுமார் 200 அல்லது 250 கலோரி. ஒரு கிலோ கொழுப்போ ஏறத்தாழ 7,700 கலோரி. மாதம் முழுவதும் நடந்தாலும் ஒரு கிலோ இறங்குவதில்லை. நடந்து முடித்துத் திரும்பும் வழியில் ஒரு வடா-பாவ் தின்றால் அன்றைய நடை அங்கேயே முடிந்தது. 'மூன்று மாதம் நடந்தேன், தராசு அசையவில்லை, விட்டுவிட்டேன்' என்பவர்களை நாம் நிறையக் கண்டிருக்கிறோம். அவர்கள் விட்டதுதான் பெருந்தவறு என்பதைச் சென்னை காட்டியிருக்கிறது. டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில், சர்க்கரை சற்று ஏறி, ஆனால் நீரிழிவு இன்னும் வராத 531 பேரைத் தேர்ந்து, ஒரு பிரிவினருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும் தந்து, மற்றொரு பிரிவினரை நாள்தோறும் அரை மணி நேரம் சுறுசுறுப்பாக நடக்கவும் உணவைத் திருத்தவும் செய்தார்கள். 2006-இல் முடிவு வெளிவந்தது. மூன்று ஆண்டில் முதற் பிரிவில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது, நடந்தவர்களில் 39.3 சதவீதம் பேருக்கே வந்தது. இதில் நாம் இரண்டு முறை படித்த வரி எது தெரியுமா? நடந்தவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்பது. தராசு அசையாமல் நின்றபோதே அவர்களில் பலர் தப்பியிருக்கிறார்கள். நடக்கும் தசை இன்சுலின் சொல்லைக் கேட்கத் தொடங்குகிறது. எடை பார்க்கும் இயந்திரத்துக்கு அது தெரிவதில்லை.

நண்பரின் கதையை முடித்துவிடுவோம். அவர் இப்போது மாத்திரை உட்கொள்கிறார். கண்ணுக்கு லேசர் சிகிச்சை நடந்தது. பார்வை மேலும் மங்காமல் நிற்கிறது. காலையில் மனைவியும் அவருமாகப் பர்வதி மலையின் 103 படிகளை ஏறி இறங்குகிறார்கள். முதல் வாரம் நாற்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டாராம். மாலையில் தண்ணீர் நிரப்பிய இரண்டு லிட்டர் புட்டிகளைக் கைக்கொன்றாகப் பிடித்துத் தூக்கி இறக்குகிறார். தசை வளர வேண்டுமல்லவா? சோறு ஒரு கிண்ணம். சுண்டலும் தயிரும் கீரையும் தட்டின் மீதியை நிரப்புகின்றன. பத்து மாதத்தில் எடை ஒரு கிலோ கூடியிருக்கிறது. 59. வயிறு 94-இலிருந்து 88-க்கு இறங்கியிருக்கிறது. சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அவருடைய பெரியம்மா முகத்தைத் தடவிப் பார்த்து, "என்னடா, இப்படி இளைத்துவிட்டாய்? அங்கே சரியாகச் சாப்பாடு இல்லையா?" என்று அழுதாராம். ஒரு கிலோ கூடியதை அந்த அம்மையாருக்கு யார் விளக்குவது!

அளக்கும் முறை இது. கால்சட்டையின் அளவை நம்ப வேண்டாம். தொப்பை விழுந்தவர்கள் அதை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு, 'இன்னும் 34-தான்' என்று தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வது உண்டு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, தையற்காரரிடம் உள்ள இஞ்சு டேப்பைச் சுற்ற வேண்டும். மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் படிக்க வேண்டும், எக்கிக்கொள்ளக் கூடாது. குடும்பத்தில் யாருக்கேனும் நீரிழிவு இருந்தாலும், அளவு 90-ஐயோ 80-ஐயோ தாண்டினாலும், முப்பது வயது நிறைந்தவர்கள் ஒல்லியோ பருமனோ ஒரு முறை ரத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

இம்மாதச் சங்கக் கூட்டத்திற்கு நாம் இரண்டு டேப்புகள் கொண்டு வருகிறோம். ஆடவருக்கு முன்கூடத்திலும், சகோதரிகளுக்குச் சகோதரிகளே பின் அறையிலும் அளப்பார்கள். எண்ணைக் குறித்து அவரவரிடமே கொடுத்துவிடுவோம். மேடையில் யாருடைய எண்ணும் படிக்கப்பட மாட்டாது. பிறருடைய உடம்பைப் பற்றி மேடையில் பேசியது போதும் என்பதால், நம்முடையதை மட்டும் இங்கே எழுதிவிடுகிறோம்: சென்ற ஞாயிற்றுக்கிழமைக் காலைக் கணக்குப்படி, 97 சென்டிமீட்டர்.